யாரும் நினைக்காத கூரை

மருதவெளி அரண்மனையில், வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே ஒரு நாழிகை பெய்யும். மன்னர் பெருமுடியாரின் அரியணைக்கு நேர் மேலேயே ஓர் ஓட்டை. மன்னர் தலையில் சொட்டு விழும்போதெல்லாம் அமைச்சர் நீலகண்டர், "வருண பகவானே அபிஷேகம் செய்கிறார்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். மன்னரும் அதை நம்பி, அசையாமல் நனைவார்.

ஓலைச்சாலையைக் கவனித்துவந்த வடிவுக்கு மட்டும் இந்த அபிஷேகத்தில் பக்தி இல்லை. யார் நிலம் எதுவரை, எந்தக் குளத்துத் தண்ணீர் எந்த வயலுக்கு என்பதெல்லாம் அவள் காத்த ஓலைகளில்தான் இருந்தது. ஓலைச்சாலையின் கீற்றுக் கூரையோ மக்கிவிட்டது. இன்னும் ஓர் ஐப்பசி மழைக்கு அப்படியே விட்டால், நாட்டில் பாதிப் பேருக்கு நிலம் இருந்ததற்கு அத்தாட்சியே இருக்காது.

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. அதனால் புரட்டாசி முதல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், "மன்னா, ஓலைச்சாலைக்குப் புதுக் கூரை வேண்டும்" என்று எழுந்து நின்றபோது சபையே திரும்பிப் பார்த்தது.

"போட்டுவிடுவோம்! எதைப் போடலாம்?" என்றார் மன்னர்.

"செம்புத் தகடு! பக்கத்து நாட்டு அரசர் பார்த்துப் பொருமட்டும்" என்றார் அமைச்சர்.

சித்திரை வெயிலில் ஓலைகள் அப்பளமாகப் பொரிவது வடிவின் கண்முன் வந்தது.

"கல் பாவலாம். எதிரி பாறையை வீசினாலும் தாங்கும்" என்றார் படைத்தலைவர்.

"பாறையைக் கூரை தாங்கும். கூரையை எங்கள் மண்சுவர் தாங்காதே, ஐயா" என்றாள் வடிவு.

மன்னர் மீசையைத் தடவினார். "செம்பு மாதிரி மின்ன வேண்டும். கல் மாதிரி உழைக்க வேண்டும். கீற்று மாதிரி குளிர வேண்டும். அப்படி ஒன்று சொல்!"

"மின்னுவதை மட்டும் விட்டுக்கொடுத்தால் நாட்டு ஓடு இருக்கிறது, மன்னா."

"குடியானவன் வீட்டு ஓடா? அரண்மனை ஓலைச்சாலைக்கா?"

"குடியானவன் நனையாமல் தூங்குகிறான், மன்னா."

அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டு மன்னரின் மூக்கு நுனியில் விழுந்தது. அவர் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஓடே இருக்கட்டும். போடுகிற ஆளை நீயே தேர்ந்தெடு. ஆனால் ஒரு சொட்டு ஒழுகினாலும், அன்றோடு நீ ஓலைச்சாலையை விட்டுப் போய்விட வேண்டும்!"

கூரை போட இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் அமைச்சரின் மைத்துனர் கங்காதரர். பட்டு அங்கவஸ்திரம், விரலுக்கு ஒரு மோதிரம், கையில் ஒரு கட்டுப் பாராட்டு ஓலை.

"பத்தே நாள், மன்னா! நூறு வருஷம் ஒழுகாது. அதுவரை என் பொறுப்பு!" என்றார். அவருக்கு அப்போதே வயது அறுபது.

இரண்டாமவன் சடையன். விரல் நகமெல்லாம் செம்மண். வந்ததும் கேள்விதான் கேட்டான்.

"சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? கைமரத்தில் கரையான் உண்டா? குரங்கு வருமா?"

"எத்தனை நாளாகும்? அதைச் சொல்" என்றார் மன்னர்.

"ஒரு மாசம், மகாராசா. தண்ணீர் வழிந்தோட வாட்டம் சரியாக வைக்காவிட்டால் எந்த ஓடும் ஒழுகும்."

"பாராட்டு ஓலை கொண்டுவந்தாயா?" என்று அமைச்சர் இளக்காரமாகக் கேட்டார்.

"யாரும் தந்ததில்லைங்க. ஒழுகினால்தானே சாமி கூரை ஞாபகம் வரும்? நான் போட்ட வீட்டில் என்னை யாரும் நினைப்பதே இல்லை."

சபை சிரித்தது. மன்னரும் சிரித்தார். "கங்காதரரே போடட்டும். என்ன சொல்கிறாய், வடிவு?"

வடிவு அந்தப் பாராட்டு ஓலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக் கூரையைப் புகழ்ந்து அமைச்சர் தந்த ஓலையில் பூஞ்சை பூத்திருந்தது. படைத்தலைவர் தந்ததில் எழுத்துக்கு மேல் ஈரக்கறை. தினமும் நனைந்த ஓலையைப் பார்க்கிற கண்ணுக்கு அது தப்புமா?

"இவ்வளவு பெரியவர்கள் புகழ்ந்த பிறகு நான் என்ன சொல்ல, மன்னா? ஒரே ஒரு உதவி வேண்டும். வேலை முடியும்வரை ஓலைகளைப் பத்திரமாக வைக்க ஓர் இடம். தங்கள் வம்சாவளியும் அதில்தான் இருக்கிறது. கங்காதரர் கூரை போட்ட வீடு ஒன்றிலேயே வைத்துவிடலாம்."

"நல்ல யோசனை! வம்சாவளியில் ஒரு சொட்டு விழுந்தால் அந்த வீட்டுக்காரர் தலை இருக்காது. அமைச்சரே, உம் வீட்டில் வையும்."

வெளியே மழை வலுத்தது. அமைச்சருக்கு உள்ளே வியர்த்தது.

"என் வீட்டிலா? அங்கே... எலி ஜாஸ்தி, மன்னா."

"படைத்தலைவரே?"

"தேள், மன்னா! மூலைக்கு மூலை தேள்!"

"நீர் ஆயிரம் எதிரிகளை வென்றவர் ஆயிற்றே?"

"அவர்கள் யாரும் கொட்டவில்லை, மன்னா."

கங்காதரருக்கு ரோஷம் வந்துவிட்டது. மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏன் வீண் பேச்சு? என் சொந்த வீட்டில் வையுங்கள்! எட்டு ஐப்பசி பார்த்துவிட்டது. பொட்டுத் தண்ணீர் உள்ளே வந்ததில்லை. அதற்கு என் தலையே உத்தரவாதம்!"

"கேட்டாயா, வடிவு?" என்று மன்னர் தொடையில் தட்டினார்.

வடிவு கை குவித்தாள். "மகிழ்ச்சி, மன்னா. அதே மாதிரி கூரைதான் எனக்கும் வேண்டும். ஐயா, அந்தக் கூரையையும் பத்து நாளில்தான் போட்டீர்களா?"

"இல்லை... அது ஒரு மாதம் ஆயிற்று."

"ஏன் ஐயா, உங்கள் கைக்கு ஒரு மாதமா?"

கங்காதரர் மன்னரைப் பார்த்தார். தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். பின்வரிசையில் சடையன் லேசாக இருமினான்.

"அது வந்து... என் வீட்டுக் கூரை சடையன் போட்டது."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. நழுவிய இடத்தில் சரியாக ஒரு சொட்டு விழுந்தது. இந்த முறை யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

"சடையா, ஓலைச்சாலையை முடித்துவிட்டு இங்கே வா. அதுவரை கங்காதரர் எனக்குக் குடை பிடிக்கட்டும். வடிவு, இனி இந்த நாட்டில் எந்தக் கூரையானாலும் உன்னைக் கேட்டுத்தான்!"

சபை கலைந்ததும் அமைச்சர் சடையனைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப்போய், "தம்பி, அப்படியே நம்ம வீட்டையும் ஒருநாள் வந்து பாரேன்" என்றார். அவருக்குப் பின்னால் படைத்தலைவர் காத்துக்கொண்டிருந்தார்.

சடையன் சொன்னபடி ஒரு மாதத்தில் ஓலைச்சாலைக் கூரையை முடித்தான். ஐப்பசி வந்தது, கொட்டித் தீர்த்தது, போனது. அந்தக் கூரையைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.