இரண்டு ஊரும் கைதட்டியது

சாயப்பட்டறையை மூடுவேன் என்று ஓடைப்பாளையத்திலும், பெரிதாக்குவேன் என்று கரட்டுப்பாளையத்திலும் வாக்குக் கொடுத்திருந்தார் வேட்பாளர் மருதபூபதி. சந்தையன்று இரண்டு ஊரும் ஒரே திடலில் கூடிவிட்டது. பிரச்சார ஆட்டோவில் மைக் பிடிக்கும் செங்கமலத்தை அவசரமாகக் கூப்பிட்டார். அவள் வீட்டுக் கிணற்றில் சாயத்தண்ணீர்தான் ஊறியது.

"பட்டறை விஷயத்துல என் கொள்கையைச் சொல்லு. ரெண்டு ஊரும் கைதட்டணும். இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரிங்க" என்று மைக்கைப் பிடித்தாள்.

"ஓடைப்பாளையத்துச் சனங்களே, பட்டறையை மூடறேன்னு சொன்ன அண்ணனுக்குக் கைதட்டுங்க."

தட்டினார்கள்.

"கரட்டுப்பாளையத்துச் சனங்களே, அதே பட்டறையைப் பெருசாக்கறேன்னு சொன்ன இதே அண்ணனுக்கு நீங்களும் தட்டுங்க."

அவர்களும் தட்டினார்கள். பிறகு இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, மருதபூபதி பக்கம் திரும்பினார்கள்.

"ரெண்டு ஊரும் தட்டிருச்சுங்க. இனி நீங்க பேசுங்க" என்று மைக்கை நீட்டினாள்.

மருதபூபதி அதை வாங்கி, "மைக் வேலை செய்யலை" என்றார். அது திடல் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.