மடித்து வைத்த கம்பளி

"குளிருது, அம்மா. தாங்க முடியலை," என்றார் திருமேனி.

"நல்லது," என்றார் குரு சிவகாமி. "உள்ளே வந்து கஞ்சி குடிங்க."

மூன்று மாதமாக இதே கதைதான்.

மரங்கள்கூட வளராத உயரம் அது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும். குகைக்குள் வைத்த தண்ணீரும் கல்லாகிவிடும்.

விடிந்ததும் திருமேனி வெளியே பாறைமேல் தியானத்தில் உட்காருவார். சற்று நேரத்தில் குரு வந்து, "குளிருதா?" என்பார். "குளிருது" என்றால் உள்ளே கூட்டிப் போய்விடுவார்.

திருமேனிக்கு வெட்கமாக இருந்தது. குருவைவிட அவர் பத்து வயது மூத்தவர். குருவின் குரு குளிரை வென்ற கதையைக் கேட்டுத்தான் வீட்டை விட்டு வந்தார். இதே பாறையில்தான் அந்தப் பெரியவர் கம்பளியைக் கழற்றிவிட்டுச் சமாதியானாராம்.

"உங்க குருநாதருக்கு யாராவது கஞ்சி நீட்டினாங்களா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"இல்லை," என்றார் குரு.

ஒரு காலை, பனிக்கட்டி வெட்டப் போன குரு திரும்பத் தாமதமாகிவிட்டது.

பாறைமேல் திருமேனி வெறும் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். கம்பளி பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. முகத்தில் சிரிப்பு.

"குளிருதா?"

"இல்லை, அம்மா." நாக்கு குழறியது. "வெயில்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு. கிடைச்சிடுச்சு."

குருவின் கையிலிருந்த கூடை விழுந்தது. திருமேனியை அப்படியே குகைக்குள் இழுத்துப் போனார். ஆட்டுத்தோலைச் சுற்றினார். கைகளை அவருடைய அக்குளிலேயே செருகி வைத்தார்.

"ஏன் கெடுத்தீங்க?" என்று முனகினார் திருமேனி.

"விரலைப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். பத்தும் மெழுகுபோல் வெளுத்திருந்தன. கடித்தார். வலிக்கவில்லை.

"உறைஞ்சு சாகிறவங்களுக்குக் கடைசியில சூடாத்தான் இருக்கும். போர்த்தினதையும் எடுத்துடுவாங்க."

வெகுநேரம் கழித்து வலி வந்தது. பிறகு நடுக்கம்.

"குளிருது, அம்மா," என்று அழுதார்.

"நல்லது," என்றார் குரு. ஆட்டுத்தோலை இன்னும் இறுக்கிச் சுற்றினார்.

வாசல் வழியே பாறையும் அதன்மேல் கம்பளியும் தெரிந்தன. திருமேனியின் அழுகை சட்டென்று நின்றது.

"அப்படின்னா உங்க குருநாதர்?"

"அவரும் அழகா மடிச்சு என் கையில கொடுத்தார். சூடா இருக்குன்னு சொன்னார்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"காலில் விழுந்து கும்பிட்டேன்."