நாற்பத்திரண்டாவது பம்பு

விருது விழாவுக்கு முந்தின நாள் காலை, இசக்கியப்பன் தன் ஆசிரியரின் அறைக்கதவைத் தட்டினார்.

இசக்கியப்பனுக்கு வயது நாற்பத்தெட்டு. பல்கலைக்கழகத்தில் வேதியியல் இணைப் பேராசிரியர். அவரிடமே ஆறு பேர் ஆய்வு செய்கிறார்கள். ஆனாலும் துறைத் தலைவர் ஹெலன் ஞானசெல்வத்தின் முன்னால், சொல்லும்வரை உட்கார மாட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியவர் ஹெலன்.

அறிவியல் துறைகளில் சிறந்த ஆய்வு செய்த ஏழு ஆசிரியர்களை மறுநாள் கௌரவிக்க இருந்தார்கள். வேதியியலில் இசக்கியப்பன். நாற்பத்திரண்டு அடிபம்புகளின் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அளந்து கட்டுரை வெளியிட்டவர் அவர். குடிக்கலாம் என்றால் பம்புக்குப் பச்சை பெயின்ட், கூடாது என்றால் சிவப்பு. அவரே மாணவர்களோடு ஊர் ஊராகப் போய் அடித்தார்.

“சால்வை என்ன கலர்னு கேக்க வந்தியா?” என்றார் ஹெலன்.

“தப்பு நடந்துபோச்சு மேடம்.”

ஆய்வுக்கூட நோட்டை மேசைமேல் விரித்தார். கருங்கரடு என்ற ஊர். மேலத்தெரு பம்பு. அளவு 0.6 என்று எழுதியிருந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்கலாம்.

“இந்த மாதிரியில சுத்தத் தண்ணி கலந்து அஞ்சு மடங்காக்கி அளந்திருக்கோம். வந்த எண்ணை அஞ்சால பெருக்கணும். பெருக்கல. விழாவுல பேச படம் தயார் பண்ணும்போதுதான் கண்ணுல பட்டுது.”

“அப்போ மூணு.”

“மூணு. மிச்சம் இருந்த தண்ணியை மறுபடி அளந்தும் பார்த்துட்டேன்.”

“மத்த நாற்பத்தொண்ணு?”

“ரெண்டு நாளா உக்காந்து ஒவ்வொண்ணா பார்த்தேன். சரியா இருக்கு. இது ஒண்ணுதான். கணக்குப் போட்டது ஒரு மாணவி.”

ஹெலன் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். “சரிபார்த்தவர்னு இருக்கே, அது யார் கையெழுத்து?”

“என்னோடது.”

“ம்.”

“நாளைக்கு ஒரு நாள் போகட்டும் மேடம். திங்கட்கிழமை நானே திருத்தம் அனுப்பிடறேன். இன்னைக்கு இதைச் சொன்னா, ஒண்ணு தப்புன்னா மத்ததும் தப்பாத்தான் இருக்கும்னு சொல்லுவாங்க. எல்லா பம்பையும் சந்தேகப்படுவாங்க. அது இன்னும் ஆபத்து இல்லையா? இனிமே நான் சொல்ற அளவை யார் நம்புவா?”

ஹெலன் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். இசக்கியப்பன் பின்னாலேயே போனார். தொட்டிக்கு அடியில் குனிந்து, போன வருடம் மிஞ்சிய சிவப்பு பெயின்ட் டப்பாவை ஹெலன் வெளியே எடுத்தார். மூடியை நெம்பித் திறந்தார். மேலே ஆடை கட்டியிருந்தது. பக்கத்தில் கிடந்த கண்ணாடிக் குச்சியால் அதைக் குத்தினார்.

“மேடம், அது புதுக் குச்சி.”

“உள்ள ஈரமாத்தான் இருக்கு” என்றார் ஹெலன். “பிரஷ் எங்க?”

காரை இசக்கியப்பன் ஓட்டினார். ஊர் எல்லை தாண்டியதும் புளியமரத்தடியில் நிறுத்தி, பதிவாளருக்குப் போன் செய்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார்.

“அழைப்பிதழ்ல ஏழு பேர்னு அச்சடிச்சாச்சே சார்” என்றார் பதிவாளர்.

ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். விருதுக் குழு பேசிவிட்டது. இந்த ஆண்டு ஆறு பேருக்குத்தான் விருது. கட்டுரையைத் திருத்தி வெளியிட்ட பிறகு பார்க்கலாம்.

ஹெலன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் டப்பா அவர் மடியில் இருந்தது.

கருங்கரடு மேலத்தெருவில் பேச்சித்தாய் என்ற பெண் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். குடம் முக்கால் நிறைந்திருந்தது. டப்பாவைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

“வாங்க சார். போன வருசம் பச்சை அடிச்சீங்க. இப்ப சிவப்பா? எலெக்‌ஷன் வருதா, இல்ல கட்சி மாறிட்டீங்களா?”

“தப்பா கணக்குப் போட்டுட்டோம்மா. இந்தத் தண்ணி குடிக்கக் கூடாது. சமைக்கவும் கூடாது. குளிக்க, துவைக்க வச்சுக்கலாம்.”

“ஒரு வருசமா குடிக்கிறோமே.”

“ஆமா. என் தப்புதான். பிள்ளைங்க பல்லைப் பார்க்க டாக்டரை அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு நானே எழுதறேன்.”

பேச்சித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “பள்ளிக்கூடத்துப் பம்பும் நீங்க அடிச்ச பச்சைதான். அதுவும் அடுத்த வருசம் செவக்குமா?”

“அதை முந்தாநாளும் சரிபார்த்தேன். நல்ல தண்ணி.”

“படிச்சவுகதான்” என்றாள் அவள்.

இசக்கியப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். பச்சை மறைய இரண்டு பூச்சு தேவைப்பட்டது. முடித்ததும் ஹெலன் நோட்டை நீட்டினார். 0.6 என்பதன் மேல், எண்ணைப் படிக்க முடியும்படி, இசக்கியப்பன் ஒற்றைக் கோடு இழுத்தார். பக்கத்தில் 3.0 என்று எழுதித் தேதி போட்டார். கையெழுத்துப் போட்டபோது தாளில் சிவப்பு விரல் ரேகை பதிந்தது.

“விருது போகட்டும் மேடம்” என்றார், தலை நிமிராமல். “காலையில கேட்டேன். நீங்க பதில் சொல்லல. இனிமே நான் சொல்றதை யார் நம்புவா?”

பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பேச்சித்தாய் முக்கால் குடத்தையும் தெருவில் கவிழ்த்துவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பம்பை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

“குடம் எங்க போகுது, பாரு” என்றார் ஹெலன்.