அபயமா, அவயமா?

செங்கரைப் பாளையத்து ராசாவுக்குத் தன் வாக்கைப் பற்றி அப்படி ஒரு பெருமை. சபையில் யாராவது "அபயம்!" என்று கூவினால் போதும். ஆள் யார், சங்கதி என்ன, ஒன்றும் கேட்கமாட்டார். "தந்தோம்!" என்பார். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் அந்த வாக்கு மாறாது.

அன்று அரண்மனைக் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் பொம்மக்காவுக்கு ஒரு சோதனை வந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த, கிளிபோல் அலகு வளைந்த கிளிமூக்குச் சண்டைக்கோழிகளைச் சீக்கு வாரிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் ஒரே பெட்டை. அதுவும் அவயத்தில் இருந்தது. அடைகாப்பதைத்தான் அவள் ஊர்ப்பக்கம் அவயம் என்பார்கள். அந்தப் பெட்டையைப் பிடித்துச் சாறு வைக்கச் சொல்லி ஆணை வந்துவிட்டது!

"சம்பந்தி வருகிறார், கிளிமூக்குக் கோழிச் சாறு மாதிரி வருமா?" என்று ராசாவின் காதில் ஓதியவர் தளவாய் மல்லப்பர். சேவல் சண்டையில் அவர் சேவல் மூன்று வருஷமாக அரண்மனைக் கிளிமூக்குச் சேவலிடம் உதைபட்டு ஓடிய எரிச்சல் அவருக்கு.

பொம்மக்கா அரண்மனைப் புலவர் அம்பலக்கூத்தரிடம் ஓடினாள்.

"பதிமூணு நாளாச்சு சாமி. இன்னும் எட்டே நாளு, குஞ்சு பொரிச்சிரும். இப்பத் தூக்குனா முட்டையெல்லாம் குளுந்துபோயிரும். வம்சமே அத்துப்போயிரும்!"

"கோழி எதுல இருக்குன்னு சொன்னே?"

"அவயத்துல சாமி."

புலவர் மீசைக்குள் சிரித்தார். "அந்த ஒரு வார்த்தையைச் சபையில வந்து கூவு. வேற எதுவும் பேசாதே."

"கால்ல விழட்டுமா?"

"வேண்டாம். கூவு."

இதென்ன யோசனையோ, தலை போகுமோ என்று முணுமுணுத்துக்கொண்டே போனவள், சபை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். "அவயம் சாமி! அவயம்!"

"தந்தோம்!" என்றார் ராசா. பிறகுதான் கேட்டார். "யாருக்கு?"

"கிளிமூக்குப் பெட்டைக்கு, மகாராசா" என்றார் புலவர். "இனி அதன் இறகைக்கூடத் தொடமுடியாது."

தளவாய் குதித்து எழுந்தார். "மோசடி! அவள் கேட்டது அபயமே இல்லை. அவயம்! கோழி அடைகாப்பதைச் சொன்னாள்!"

"அடடா, தளவாய்க்குப் பாம்புச் செவி!" என்று புலவர் கைகூப்பினார். "அப்படியானால் மகாராசா தந்தது அவயம். கோழி சட்டிக்குப் போய்விட்டால் முட்டைமேல் உட்கார ஆள் வேண்டுமே! ராசா வாக்கை நிறைவேற்றுவது தளவாய் பொறுப்பு. முட்டை பொரிய இன்னும் எட்டு நாள். மெதுவாக உட்காருங்கள் ஐயா, உங்கள் உடம்புக்கு ஓடு தாங்காது."

சபை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. ராசா தளவாயை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மல்லப்பா? அவள் கேட்டது அபயமா, அவயமா?"

தளவாய் அவசரமாகக் காதைக் குடைந்தார். "அபயம்தான் மகாராசா. என் காதிலேதான் ஏதோ அடைப்பு."

ராசா வயிறு குலுங்கச் சிரித்து, விரல் மோதிரத்தைக் கழற்றிப் புலவர் கையில் போட்டார். பொம்மக்காவுக்குப் பட்டுச்சேலை கொண்டுவரச் சொன்னார். அவள் எங்கே நின்றாள்? கோழிக்குத் தண்ணீர் வைக்காமல் வந்துவிட்டேனே என்று அப்போதே ஓடிவிட்டாள்.