இரண்டாம் பெட்டியின் பதில்

குன்னூர் மலைச்சரிவில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் பழைய எக்ஸ்ரே அறையில் இரண்டு ஃபயர்வால் பெட்டிகள் ஒரே அலமாரியில் இருந்தன. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களுக்கு வருவதையும் போவதையும் சோதித்து விடுவது அவற்றின் வேலை. முதல் பெட்டி உழைக்கும். அது விழுந்தால் எழுந்து நிற்க இரண்டாவது காத்திருக்கும். வெளியுலகுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே முகவரி.

அந்த அறையில் விசிறிகளின் ரீங்காரம் ஓயாது. ஜன்னல் கண்ணாடியில் மேகம் வந்து சாய்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் விழித்திருக்கிறோமா, கனவு காண்கிறோமா என்றே தெரியாது. அங்கே வேலை பார்ப்பவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

குருவுக்கு முப்பத்துநாலு வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. சவரிமுத்து டெலிபோன் லைன்மேனாகக் கம்பம் கம்பமாக ஏறியவர். முழங்கால் மக்கர் செய்யவே இந்த வித்தையைப் படிக்க வந்தார். குரு மெஹருன்னிசாவை "டீச்சர்" என்று கூப்பிடுவார். அவர் இவரை "அண்ணா" என்பார்.

ஒரு மதியம் சவரிமுத்து வந்து நின்றார்.

"டீச்சர், ரெண்டாவது பெட்டி செத்துப்போச்சுங்க."

"யார் சொன்னாங்க?"

"கோயம்புத்தூர்ல இருந்து மேற்பார்வை பாக்குற சர்வர்தான். மூணு நாளா சிவப்பு காட்டுது. கூப்பிட்டா பதிலே இல்லை. கழட்டி அனுப்பிடறேன். புதுசு வர பத்து நாள் ஆகும்."

"முதல் பெட்டி பத்து நாள் தாங்குமா?"

சவரிமுத்துவின் முகம் வாடியது. முதல் பெட்டியின் விசிறி தேய்ந்து, அது கொதித்துக்கொண்டிருந்தது. நின்றுபோனால் இங்கே எடுக்கும் ஸ்கேன் படம் கோயம்புத்தூர் டாக்டருக்குப் போகாது. அவர் பார்த்துச் சொல்லாமல் இங்கே யார் தலையிலும் கத்தி வைக்க மாட்டார்கள்.

"மூணு நாளைக்கு முன்னால என்ன செஞ்சீங்க?"

அதைக் கேட்டதும் வாட்டம் போய்விட்டது. பாராட்டு வரப்போகிறது என்று நினைத்துவிட்டார், பாவம்.

"ஒரு விதி எழுதினேனுங்க. உள்ளே இருந்து எது வெளியே போனாலும் சொந்த முகவரியை மறைச்சு, பொது முகவரியைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும். உள்ளே எத்தனை பேர் இருக்கோம்னு வெளியாளுக்கு எதுக்கு? எங்க வீட்லயும் அப்படித்தான். கேஸு, பேங்க், ரேஷன், எல்லாத்துக்கும் என் நம்பர்தான். என் வீட்டுக்காரி புஷ்பம் எங்கே போய் எழுதிக் கொடுத்தாலும் என் நம்பரைத்தான் கொடுக்கணும்."

சட்டைப் பையில் போன் முனகியது. எடுத்து மெசேஜைப் பார்த்தார், சிரித்தார், அழித்தார்.

"டிரைவிங் ஸ்கூலாம். இடம் இருக்கு, வர்றீங்களான்னு கேக்கறான். முப்பது வருஷமா ஜீப் ஓட்டறவன்கிட்ட! இந்த மாசத்துல இது நாலாவது தடவை."

"அண்ணி நல்லா இருக்காங்களா?"

"இருக்கா. இப்பல்லாம் பேச்சு கொறைஞ்சு போச்சு. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறா." சவரிமுத்து பெட்டியைக் காட்டினார். "இதைச் சொல்லுங்க டீச்சர். கழட்டட்டுங்களா?"

மெஹருன்னிசா ஒரு கேபிளை எடுத்து இரண்டாவது பெட்டியின் முதுகில் நேராகச் சொருகினார். மறுமுனையை லேப்டாப்பில் மாட்டி, சவரிமுத்துவை உட்காரச் சொல்லி அவர் மடியில் வைத்தார்.

"அதுகிட்டயே கேளுங்க."

திரையில் வரிகள் ஓடின. பெட்டி சாகவில்லை. மூன்று நாளாகப் பத்து விநாடிக்கு ஒரு முறை அது கோயம்புத்தூரைக் கூப்பிட்டிருந்தது. வரிக்கு வரி முடிவில் ஒன்றே இருந்தது: பதில் இல்லை. வரிகள் ஏறிக்கொண்டே போயின. மழை பெய்வதைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை தடவை கூப்பிட்டிருக்கு. கோயம்புத்தூர்க்காரன் ஒரு பதில்கூடப் போடலையா?"

"எல்லாத்துக்கும் போட்டிருக்கான். எந்த முகவரிக்குப் போட்டிருப்பான்?"

யோசித்தார். "பொது முகவரிக்கு."

"அந்த முகவரிக்கு வர்றதை இப்ப யார் வாங்கறது?"

சவரிமுத்து எழுந்தார். முதல் பெட்டியின் பதிவைத் திறந்தார். மூன்று நாள் பதில்களும் வரிசையாக அங்கே இருந்தன. நான் கேட்காத பதில் என்று ஒவ்வொன்றையும் முதல் பெட்டி தூக்கி எறிந்திருந்தது.

அவர் உட்கார்ந்து விதியைத் திருத்தினார். இந்த இரண்டு பெட்டிகளும் கோயம்புத்தூரோடு பேசும்போது மட்டும் அதனதன் சொந்த முகவரியிலேயே பேசலாம் என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

பிறகு முதல் பெட்டியை அணைத்தார்கள். இரண்டாவது எழுந்து பாரத்தை வாங்கிக்கொண்டது. கீழே வார்டில் ஒரு லாரி டிரைவரின் மண்டை ஸ்கேன் பாதியில் நிற்காமல் மலையிறங்கிப் போனது. யாருக்கும் எதுவும் தெரியாது.

அறையில் ஒரு விசிறியின் சத்தம் குறைந்திருந்தது. சவரிமுத்து முதல் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சுட்டது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா டீச்சர்? ரெண்டும் ஒரே அலமாரி. நடுவுல கேபிள்கூட இருக்கு. நாம கேக்காத பதில் வந்தா, பக்கத்துல இருக்கறது கேட்டிருக்கும்னு இதுக்கு ஏன் தோணலை?"

மெஹருன்னிசா கேபிளைச் சுருட்டிக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"அந்த டிரைவிங் ஸ்கூலுக்கு யார் எழுதிப் போட்டாங்கன்னு நீங்க வீட்ல கேட்டீங்களா, அண்ணா?"