மயில்கழுத்து நீலம்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒரு சொல் இடம் மாறினாலும் ஆசான் சொன்னது வேறாகிவிடும்.

தாணு ஆசான் பட்டறையில் கத்திகளுக்கு மெருகு போடக் கற்றுக்கொண்டிருந்தேன். அவர் என்னைவிட இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் என் வீட்டுக்காரரின் கத்தியைக் கொண்டுபோனேன். எங்கோ ஒரு நீலக் கத்தியைப் பார்த்துவிட்டு, தன்னுடையதும் மயில்கழுத்துப் போல மின்ன வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போன வாரம் அதே கத்தியை என் கழுத்தில் வைத்து மிரட்டியிருந்தார். ஆசானிடம் அதைச் சொல்லவில்லை.

"ஆசானே, நீலம் ஏத்த எது நல்ல வழி?"

"மூணு வழி இருக்கு. பாட்டில் மருந்து தடவலாம், சீக்கிரம் தேய்ஞ்சிரும். காஸ்டிக் சோடாவில கொதிக்க விடலாம். நிறம் நிக்கும், ஆனா கருப்படிக்கும்."

"மூணாவது?"

"தீ. நீங்க சொல்ற மயில்கழுத்து அதுலதான் வரும்."

"அப்போ தீயே போதும்."

"அவசரப்படாதீங்க."

மூலையில் கிடந்த பழைய கத்தியை எடுத்து, அதன் கூர்ப்பக்கத்தில் அரத்தை இழுத்தார். அரம் வழுக்கியது; இரும்பு அவ்வளவு கெட்டி. கத்தியைச் சூடான மணல் தட்டில் வைத்தார். இரும்பு வைக்கோல் நிறமானது, பழுப்பானது, ஊதாவானது. பிறகு அந்த நீலம் வந்தது. தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி அரத்தை இழுத்தார். அரம் பிடித்தது. இரும்புத்தூள் கொட்டியது.

"அழகு வந்துச்சு, பதம் போச்சு. இனி இதுல கூர் நிக்காது. அதனாலதான் கூர்ப்பக்கத்துக்கு ஈரத்துணி சுத்திட்டு, முதுகை மட்டும் சூடாக்குவோம்."

"இதுக்கு ஈரத்துணி வேண்டாம் ஆசானே."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"அவர் வந்து சண்டை போட மாட்டாரா?"

"அவரா? ஒரு இளநீர் சீவத் தெரியாது. இடுப்புல சொருகிக்கிட்டு ஊரைச் சுத்தத்தான் தெரியும். நிறம் இருந்தாப் போதும்."

ஆசான் சிரிக்கவில்லை. என் கழுத்துக் கீறலைப் பார்த்தார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"பதம் போயிட்டா அப்புறம் பயமில்லைதானே?" என்றேன்.

"கத்தியை மழுக்கிரலாம் அக்கா. கையை என்ன செய்வீங்க?"



கத்தியை அங்கேயே வைத்தேன். வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே பஸ் ஏறிச் சித்தி மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊர்ப் பெயரை இங்கே எழுதக்கூடப் பயம்.

மறுநாள் ஆசான் போன் செய்தார். வீட்டுக்காரர் பட்டறைக்கு வந்து கத்தியை வாங்கிக்கொண்டு போனாராம்.

"நான் எங்க இருக்கேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிராதீங்க ஆசானே," என்றேன்.



"அவர் கேக்கவே இல்லையே, அக்கா."