விருந்து ஜன்னல்

ஊட்டியில் எஸ்டேட் முதலாளி துரைசிங்கத்துக்கு மலையளவு பங்களா. கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆளில்லை. உலகமே கொண்டாடும் ஒரு விருந்து ஓவியத்தைத் தன் ஜன்னலில் வண்ணக் கண்ணாடியால் செய்துதரச் சொன்னார்.

“நான் மட்டும்தான் பார்க்கணும். தெருவில போறவன் கண்ணில பட்டா உடைச்சுப் போட்டுடுவேன்!”

கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டையில் கோத்து முடித்த ரோசம்மா சொன்னாள்: “சரிங்க முதலாளி. இருட்டினா விளக்கு மட்டும் போடாதீங்க. வெளிச்சம் ஒரு பக்கம்னா, படம் மறுபக்கம்தான் தெரியும்.”

சில நாள் இருட்டிலேயே சாப்பிட்டார். ஒரு சாயங்காலம் தாங்காமல் விளக்கைப் போட்டார். ஜன்னலில் இருந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் கறுத்துப்போனார்கள். வெளியே தெருவே கூடி, “அடேயப்பா!” என்றது.

உடைக்கத் தடியை எடுத்தார். கொஞ்ச நேரம் அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தடியை வைத்துவிட்டு, தட்டோடு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.